பெர்டினான்ட் ஸ்டோலிச்கா

பெர்டினான்ட் ஸ்டோலிச்கா (சூன் 7, 1838 – சூன் 19, 1874) இந்தியாவில் பணியாற்றிய தொல்லுயிரியலாளர் ஆவார். அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, புதுச்சேரிப் பகுதிகளின் கிரீத்தேசியக் காலப் பாறைகளில் கிடைத்த கடல்வாழ் உயிரினங்களின் தொல்லுயிர் எச்சங்களை இனங்கண்டு விவரித்தமைக்காக இவர் அறியப்படுகிறார்.

இளமை

இன்றைய செக் குடியரசைச் சேர்ந்த மொராவியாவில் பிறந்தார். வியன்னாவில் எடுவர்ட் சூயசிடம் புவியியல் பயின்றார். 1861இல் முனைவர் பட்டம் பெற்றார். தாமசு ஓல்டாமின் தலைமையில் இயங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் 1862இல் சேர்ந்து, கல்கத்தாவில் பணியாற்றினார்.

தென்னிந்தியச் சிப்பிகள்

இப்பாறைகளை என்றி பிளான்போர்டு தலைமையிலான குழு 1857 முதல் 1860 வரை ஆராய்ந்தது. பிளான்போர்டு அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். திரட்டப்பட்ட எச்சங்களை இனங்காணும் பொறுப்பு ஸ்டோலிச்காவிடம் வந்தது.

இரண்டு ஓடுகளைக் கொண்ட சிப்பிகளை வெளித்தோற்றத்தை மட்டும் கொண்டு இனங்காண இயலாது. ஓடுகள் இணையும் கீலில் உள்ள பற்களின் அமைப்பும், உட்புறத்தில் தசைகள் பதித்த தழும்புகளும் முதன்மையான அடையாளங்களாகும். சுண்ணாம்புக்கல்லில் இவை பெரும்பாலும் மறைந்திருக்கும். சில வேளைகளில் ஓடு கரைந்து, உள்ளே இறுகிய கல்வார்ப்பு மட்டுமே எஞ்சும். எனவே ஒரு சிப்பிக்குப் பெயரிடும் முன் பிற நாடுகளின் எச்சங்களோடும், இன்று கடலில் வாழும் சிப்பிகளோடும் ஒப்பிட வேண்டியுள்ளது. சிப்பிகளைப் பற்றிய தமது நூலில் (1870–1871) ஸ்டோலிச்கா தென்னிந்திய இனங்களோடு நின்றுவிடாமல், அதுவரை அறியப்பட்டிருந்த சிப்பிப் பேரினங்கள் அனைத்தையும் மறுஆய்வு செய்தார். வட்டார ஆய்வாகத் தொடங்கிய இப்பணி உலகளாவிய வகைப்பாட்டு நூலாகவும் அமைந்தது.

தலைக்காலிகள், வயிற்றுக்காலிகள், சிப்பிகள், பிற உயிரினங்கள் என நான்கு தொகுதிகளாக வெளிவந்த இவ்வரிசை 1873இல் நிறைவுற்றது.

மறைவு

அதே ஆண்டில் யார்க்கந்து சென்ற பிரித்தானியத் தூதுக்குழுவில் இயற்கையியலாளராக இணைந்தார். திரும்பும் வழியில் காரகோரம் கணவாயைக் கடந்தபின், லடாக்கின் முர்கோ என்னுமிடத்தில் நோயுற்று தமது 36ஆம் வயதில் காலமானார். இவரது கல்லறை லே நகரில் உள்ளது.

நினைவு

இசுட்டோலிச்காயா என்னும் அம்மோனைட்டுப் பேரினம் 1875இல் இவர் பெயரால் அழைக்கப்பட்டது. ஊட்டத்தூர்ப் பாறைகளிலும் இப்பேரினத்தின் எச்சங்கள் கிடைப்பது குறிப்பிடத்தக்கது.