வால்நட்சத்திரம் கண்ட தங்கை

யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், வில்லியம் ஹெர்ஷல் என்று எழுதி ஒரு மார்க் வாங்கிவிடுவோம். அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தார். பெயர் கரோலின் ஹெர்ஷல்.

இவர் 1750 மார்ச் 16-ல் ஜெர்மனியில் ஹனோவர் நகரில் பிறந்தார். பத்து வயதில் டைபஸ் காய்ச்சல் வந்து வளர்ச்சி நின்றுபோச்சு. கடைசி வரை உயரம் 4 அடி 3 அங்குலம்தான். இவர் வீட்டு வேலைக்குத்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். அப்பா இசைக்கலைஞர். அம்மா இல்லாத நேரம் பார்த்து மகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தார்.

1772-ல் அண்ணன் வில்லியம் இவரை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார். அம்மா சும்மா விடவில்லை. மகளுக்குப் பதில் வேலைக்கு ஆள் வைக்க அண்ணன் பணம் தந்த பிறகுதான் அனுப்பினார். அதுவரை அந்த வேலைக்கு யாரும் சம்பளம் தரவில்லை என்பதைக் கவனியுங்கள்!

இங்கிலாந்தில் கரோலின் மேடையில் பாடினார். அண்ணனுக்கோ தொலைநோக்கி செய்யும் ஆசை. கண்ணாடி வார்க்கும் அச்சுக்காகக் குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்தது தங்கைதான். அண்ணன் கையை எடுக்காமல் மணிக்கணக்காகக் கண்ணாடி தேய்த்தபோது சாப்பாடு ஊட்டிவிட்டதும் அவர்தான். ராத்திரியில் அண்ணன் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதுவார். பகலில் கணக்குப் போட்டு நகல் எடுப்பார். 1783 டிசம்பர் 31 இரவு, பனியில் ஓடி விழுந்ததில் காலில் இரும்புக் கொக்கி குத்திக் கிழித்தது. அப்பவும் வேலையை விடவில்லை.

1781-ல் யுரேனஸைப் பார்த்தது அண்ணன்தான். ஆனால் 1786 ஆகஸ்ட் 1 இரவு, அண்ணன் வெளிநாடு போயிருந்தபோது, கரோலின் தனியாக ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். மொத்தம் 8 கண்டுபிடித்தார். 1787-ல் அரசர் இவருக்கு வருடம் 50 பவுண்ட் சம்பளம் தந்தார். அண்ணனுக்கு 200 பவுண்ட்.

1828-ல் லண்டன் வானியல் கழகம் தங்கப் பதக்கம் தந்தது. அந்தப் பதக்கம் அடுத்து ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 1996-ல், வேரா ரூபினுக்கு. நடுவில் 168 வருடம்! கரோலின் 1848-ல் தமது 97-ஆம் வயதில் மறைந்தார்.

தோழர்களே, தோழிகளே! எந்தக் கண்டுபிடிப்பும் ஒருத்தர் மூளையில் மட்டும் பிறப்பதில்லை. சலித்தவர், சமைத்தவர், நகல் எடுத்தவர் எல்லாரும் அதில் உண்டு. அதைவிட முக்கியம், கூடமாட வேலை செய்பவருக்கும் வானத்தைப் பார்க்க ஒரு ராத்திரி கிடைக்கணும். கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கரோலினே சாட்சி!