10 ரூபாய்க்கு விற்கப்பட்ட சிறுமி... பொட்டுக்கட்டை எதிர்த்து வீதிக்கு வந்த மூவலூர் ராமாமிர்தம்!

மயிலாடுதுறை: கல்லூரிக்குப் போகும் ஏழைப் பெண் பிள்ளைகளின் உதவித் திட்டத்தில் இவர் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கண்ணீர்க் கதை பலருக்குத் தெரியாது. அவர்தான் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்.

1883ம் ஆண்டு திருவாரூர் பக்கம் பிறந்தவர். வீட்டில் பொல்லாத வறுமை. வெறும் 10 ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் பெற்றவர்களே குழந்தையை ஒரு தாசி வீட்டில் விற்றுவிட்டார்கள். மயிலாடுதுறையை ஒட்டிய மூவலூரில் ஆட்டமும் பாட்டும் கற்று வளர்ந்தார்.

கிழவருக்கு கட்டி வைக்க முயற்சி

பருவ வயது வந்ததும் ஒரு கிழவருக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். ராமாமிர்தம் மசியவில்லை. தனக்கு பாட்டு சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையையே துணிச்சலாக மணந்துகொண்டார். ஊரே தூற்றியது.

தான் தப்பித்தால் போதும் என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை. மற்ற பெண்களையும் மீட்கக் கிளம்பினார்.

பொட்டுக்கட்டு என்றால் என்ன? சின்னப் பெண்ணை கோவிலுக்குக் கூட்டிப்போய், சாமிக்கு கட்டிக்கொடுப்பதாகச் சொல்லி தாலி கட்டிவிடுவார்கள். அதன் பிறகு அந்தப் பெண்ணுக்கு கல்யாணமே கிடையாது. மிராசுதாரோ ஜமீனோ வைத்துக் காப்பாற்ற வேண்டும். கோவில் மானிய நிலமும் இந்த வேலையை நம்பித்தான். அந்த ஒருத்தியை வைத்தே மொத்த வீடும் சாப்பிடும்.

அதனால்தான் ராமாமிர்தத்துக்கு எதிர்ப்பு வெளியில் இருந்து மட்டும் வரவில்லை. சொந்த ஜனங்களே எதிர்த்தார்கள். வருமானம் போய்விடுமே என்ற பயம்! இருந்தாலும் ஊர் ஊராகப் போய் பெண்களிடம் பேசினார். 1925ல் மாயவரத்தில் இசை வேளாளர் மாநாடு கூட்டி, பொட்டுக்கட்டை ஒழிக்கக் குரல் கொடுத்தார். முதலில் காங்கிரசில் இருந்தவர், பின்னர் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்தார்.

சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். வீதியில் ராமாமிர்தம் போராடினார். 1929ல் வந்த சட்டத்தால், கோவிலில் ஊழியம் செய்யாமலேயே மானிய நிலத்தை அந்தப் பெண்கள் வைத்துக்கொள்ள வழி பிறந்தது. ஆனாலும் பொட்டுக்கட்டு நின்றபாடில்லை.

1936ல் தாசிகள் மோசவலை என்ற நாவலை எழுதினார். பள்ளிக்கூடம் போய் பெரிய படிப்பு படித்தவர் இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதினார். அந்தத் தொழிலின் உள்விவகாரம் எல்லாம் சந்திக்கு வந்தது.

55 வயதில் நடைபயணம்

1938ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. திருச்சியில் இருந்து சென்னைக்கு தொண்டர் படை 42 நாள் நடந்தே போனது. அந்தப் படையில் போன ஒரே பெண் ராமாமிர்தம்தான். அப்போது அவருக்கு 55 வயது! அதே ஆண்டு நவம்பரில் மறியல் செய்து, ஆறு வாரம் ஜெயிலில் இருந்தார்.

கடைசியில் 1947ல்தான் பொட்டுக்கட்டுவதை முழுசாகத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. மாயவரம் மாநாடு நடந்து 22 வருஷம் கழித்து! அப்போது அம்மையாருக்கு 64 வயது.

1949ல் பெரியாரைப் பிரிந்து அண்ணாவின் தி.மு.க. பக்கம் வந்தார். 1962 ஜூன் 27ம் தேதி காலமானார்.

1989ல் தமிழக அரசு ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தால் 5 ஆயிரம் ரூபாய். பணத்துக்காகவாவது பிள்ளையைப் படிக்க வைப்பார்களே என்ற கணக்கு. 2022ல் அது, அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு கல்லூரிப் படிப்பு முடியும் வரை மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டமாக மாறியது.

அன்று ராமாமிர்தத்துக்குப் போட்ட விலை 10 ரூபாய். அவர் பெயரிலேயே, பெண் பிள்ளைகள் கையில் படிப்புக்கு ஆயிரம் ரூபாய் வந்து சேர்ந்தது!