பிரித்துப் பார்த்த மேதை ஜி.டி. நாயுடு

  

இந்த மாதச் சுவரிதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி தமிழம்மா சொன்னார்கள். நம்ம குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன மாதம் எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் பண்ணிய அட்டகாசத்தில் இன்னொரு பெரியவர்தான் எனக்குக் கை கொடுத்தார். அவர் இறந்து 50 வருடங்களுக்கு மேல் ஆகிறது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பற்றி அவர் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பிறகு எப்படிக் கை கொடுத்தார்? படியுங்கள்!

திடீர் திடீரென்று அணையும் பெட்டி

எங்கள் வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டாப். அதை வைத்துத்தான் என் அக்கா கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பிறந்தநாள் பேனர் எல்லாம் டிசைன் செய்து கொடுக்கிறார். அந்தப் பணத்தில்தான் அவருடைய காலேஜ் பீஸ் கட்டுகிறோம். ஜூன் மாதம் அது தானாகவே அணைய ஆரம்பித்தது. கரண்ட் இருக்கும், ஃபேன் ஓடும், லைட் எரியும். கம்ப்யூட்டர் மட்டும் பொட்டென்று நின்றுவிடும். சில நாள் காலையிலிருந்து மதியம் வரை ஒழுங்காக ஓடும். சில நாள் இருபது நிமிடத்தில் போய்விடும். ஒரு கல்யாணப் பத்திரிகையை அக்கா மூன்று தடவை முதலிலிருந்து செய்தார். கடைசியில் நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை.

வைரஸாக இருக்கும், ஃபார்மட் பண்ணினா சரியாயிடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். பண்ணினோம். மறுநாளே மறுபடி அணைந்தது. ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு, மதர்போர்டு போச்சு, மாற்ற 6,500 ரூபாய் ஆகும் என்றார்கள். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? அந்த வாரத்துக்குள் சரியாகவில்லை என்றால் பழைய சாமான் கடையில் போட்டுவிடலாம் என்று அப்பா முடிவு செய்துவிட்டார்.

அப்போதுதான் மே மாத லீவில் கோவையில் கேட்ட கதை எனக்கு ஞாபகம் வந்தது. சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது அவினாசி ரோட்டில் ஒரு நீளமான மேம்பாலத்தில் பஸ்ஸில் போனோம். 10.1 கிலோமீட்டர் நீளமாம்! 2025 அக்டோபரில் திறந்திருக்கிறார்கள். அதற்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் என்று பெயர். யார் அவர் என்று கேட்டேன். சித்தப்பா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். ஊருக்கு வந்ததும் நம் பள்ளி நூலகத்திலும் தேடிப் படித்தேன்.

மண்ணெண்ணெயும் பழைய துணியும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்கிற ஜி.டி. நாயுடு 1893 மார்ச் 23-ஆம் தேதி கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆசிரியர் மீது மணலை வாரி எறிந்துவிட்டு ஓடினார் என்றுகூடச் சொல்கிறார்கள். (தம்பி தங்கைகளே, இதை மட்டும் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டாம்!) ஆனால் புத்தகம் படிப்பதை அவர் விடவில்லை. வயலில் வேலை செய்துகொண்டே தானாகப் படித்தார்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். வழியில் வண்டி நின்றுவிட்டது. அவர் அங்கிருந்தவர்களிடம் மண்ணெண்ணெயும் பழைய துணியும் வாங்கி, எஞ்சின் பாகங்களைத் துடைத்து மாட்டினார். வண்டி மறுபடி கிளம்பிப் போனது. இதை நாயுடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானாக ஓடுகிற வண்டி! அது எப்படி ஓடுகிறது? ஏன் நின்றது? துடைத்ததும் ஏன் ஓடியது? அன்று முதல் அவருக்கு இதே நினைப்புதான்.

வண்டி வாங்கக் கையில் காசு இல்லை. கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்துச் சில நூறு ரூபாய் சேர்த்தார். ரட்ஜ் என்ற அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கிய பிறகு என்ன செய்தார் தெரியுமா? ஊரைச் சுற்றவில்லை. பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டுவிட்டார்! பிறகு ஒவ்வொன்றாக மாட்டினார். எது எதற்கு என்று புரிகிற வரைக்கும் விடவில்லை. சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை, காலேஜும் இல்லை. இப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

எங்கள் பழுது நோட்டு

இந்தக் கதையை அக்காவிடம் சொன்னேன். நாம என்ன செஞ்சோம் தெரியுமா அக்கா, பாக்காமலே ஃபார்மட் பண்ணிட்டோம், கடைக்காரரும் பாக்காமலே போர்டு போச்சுன்னுட்டார் என்றேன். திருவள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் இதைத்தான் சொல்கிறார். நோய் என்ன, அது எதனால் வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வைத்தியம்!

பிரிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும் அல்லவா? அதனால் ஒரு பழைய 40 பக்க நோட்டு எடுத்தோம். கம்ப்யூட்டர் எப்போது போட்டோம், எப்போது அணைந்தது, அப்போது என்ன வேலை ஓடியது, ஜன்னல் திறந்திருந்ததா என்று எல்லாவற்றையும் எழுதினோம். ஐந்தே நாளில் உண்மை தெரிந்துவிட்டது. அது இஷ்டத்துக்கு அணையவில்லை! வெறும் டைப்பிங் செய்தபோது ஒரு தடவைகூட அணையவில்லை. பெரிய படங்களை வைத்து பேனர் செய்யும்போதுதான் அணைந்தது. அதுவும் காலையில் நேரம் கழித்து, மதியம் சீக்கிரமாக. ஜன்னலைத் திறந்து டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பேனர் வேலை செய்தும் அணையவில்லை.

அப்படியானால் குற்றவாளி யார்? சூடு! புராசசர் அதிகமாக வேலை செய்தால் அதிகமாகச் சூடாகும். அளவுக்கு மீறிச் சூடானால் கருகிப் போகாமல் இருக்க அதுவே தன்னை நிறுத்திக்கொள்ளும். அதாவது எங்கள் கம்ப்யூட்டர் எங்களை ஏமாற்றவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பயாஸ் திரையில் புராசசரின் வெப்பநிலை தெரியும் என்று கம்ப்யூட்டர் சார் சொல்லிக் கொடுத்தார். பார்த்தோம். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 84 டிகிரி!

உங்களுக்குத் தெரியுமா?

1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்யவில்லை. தேடிப் பார்த்தால், உள்ளே ஒரு ரிலேவில் அந்துப்பூச்சி மாட்டிக்கொண்டிருந்தது! அதை எடுத்துத் தினக்குறிப்பு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, நேரத்தையும் எழுதி வைத்தார்கள். அந்த நோட்டுப் பக்கம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பழுதை நோட்டில் எழுதும் பழக்கம் எங்களுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது!

ஒரு பஸ்ஸிலிருந்து 280 பஸ்

நாயுடுவின் வாழ்க்கையும் இடையில் ஒருமுறை பொட்டென்று நின்றது. பருத்தி வியாபாரத்தில் சம்பாதித்து, பம்பாய் வரை போய் வியாபாரம் செய்து, எல்லாவற்றையும் இழந்துவிட்டுத் திரும்பினார். பிறகு தனக்குத் தெரிந்த எஞ்சினிடமே வந்தார். கோவையில் மில் நடத்திய ஸ்டேன்ஸ் துரை அவருக்குப் பண உதவி செய்தார். 1920-இல் ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார்.

ஒரே பஸ் வைத்திருப்பவருக்கு அது வழியில் நின்றால் அன்றைய வருமானம் போச்சு. எங்கள் அக்காவுக்கு ஒரே கம்ப்யூட்டர் இருப்பது போலத்தான் இதுவும்! ஆனால் வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்தவருக்கு என்ன பயம்? அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற யு.எம்.எஸ். கம்பெனி 1933-க்குள் 280 பஸ்கள் ஓடும் அளவுக்கு வளர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வந்து, கோவைக்கு மின்சாரம் கிடைத்தது. மில்லுக்கும் கிணற்றுக்கும் மோட்டார் வேண்டும். எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தன. 1937-இல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் அவர்களும் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் தயாரித்துக் காட்டினார்கள். கோவை இன்று மோட்டார், பம்புசெட்டுக்குப் பேர் பெற்ற ஊராக இருப்பதற்கு அது ஒரு தொடக்கம். பேட்டரியில் ஓடும் முகச்சவர ரேசர் செய்தார். 70 ரூபாய்க்கு ரேடியோ செய்தார். பழம் பிழியும் கருவி செய்தார். 1952-இல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகிற கார் செய்தார். ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசாங்கத்தின் அனுமதி கிடைக்கவில்லை.

1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்க நாயுடுதான் காரணம். அந்தக் கல்லூரிதான் இப்போது அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பள்ளியை விட்டு ஓடியவர் கல்லூரி தொடங்கியிருக்கிறார் பாருங்கள்! பட்டறையில் கையால் செய்து படித்தால் இத்தனை வருடப் படிப்பு தேவையில்லை என்பது அவருடைய கட்சி. அதை அரசாங்கம் ஏற்காததால் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார்.

அவர் செய்த ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வரி அதிகம் என்று எதிர்ப்புக் காட்ட, தான் செய்த கருவிகளையே எல்லார் முன்னாலும் உடைத்தார். கோபம் நியாயமாகவே இருக்கட்டும். பிரித்தால் திரும்ப மாட்டலாம். உடைத்தால் மாட்ட முடியுமா? அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

நாங்கள் பிரித்த நாள்

சனிக்கிழமை காலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பத்து நிமிடம் பொறுத்து, கேபினட்டைத் திறந்தோம். மெயின் ரோட்டு லாரிப் புழுதி எல்லாம் எங்கள் வீட்டுப் பெட்டிக்குள்தான் இருந்தது! ஒவ்வொரு ஒயரையும் கழற்றுவதற்கு முன் அக்கா போனில் போட்டோ எடுத்தார். புராசசர் மேல் இருக்கும் ஃபேனை எடுத்தால், அதன் அடியில் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே தலையணைப் பஞ்சு மாதிரி தூசி அடைத்திருந்தது. காற்று எப்படிப் போகும்? ஹீட் சிங்குக்கும் புராசசருக்கும் நடுவே இருக்க வேண்டிய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது. சூட்டைப் புராசசரிலிருந்து ஹீட் சிங்குக்குக் கடத்துவதே அந்தப் பேஸ்ட்தான்.

மண்ணெண்ணெய் இல்லை, பெயின்ட் பிரஷும் பழைய பனியன் துணியும்தான்! துடைத்துவிட்டு, 120 ரூபாய்க்கு வாங்கிய புதுப் பேஸ்ட்டைக் கடுகளவு வைத்து மாட்டினோம். முடித்துப் பார்த்தால் ஒரு ஸ்குரூ மிச்சம்! மறுபடி போட்டோக்களைப் பார்த்து, அது கேபினட் ஃபேனுடையது என்று கண்டுபிடித்து மாட்டினோம். சுவரோடு ஒட்டி மேஜை அறைக்குள் அடைத்து வைத்திருந்த பெட்டியை வெளியே எடுத்து வைத்தோம். பயாஸில் பார்த்தால் 47 டிகிரி. அக்கா அன்றே ஒரு பேனரை எடுத்து வைத்துக்கொண்டு மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை வேலை செய்தார். அணையவே இல்லை! அப்பா ஒன்றும் பேசவில்லை. எங்கள் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, பத்திரமா வை என்று மட்டும் சொன்னார்.

நினைவில் கொள்க

1. முதலில் எழுதி வையுங்கள். இஷ்டத்துக்கு நடப்பது போலத் தெரிவதற்கும் காரணம் இருக்கும்.
2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.
3. சூடு இல்லையென்றால் அடுத்து மெமரியைப் பாருங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பார்க்கலாம்.
4. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். ஷாக் அடிக்கும்!
5. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

(கம்ப்யூட்டர் சார் பயப்பட வேண்டாம். நம் பள்ளி லேப் கம்ப்யூட்டரை நான் பிரிக்க மாட்டேன்!)

முடிவாக…

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் தேதி தன் 80-ஆவது வயதில் காலமானார். அவரை இந்தியாவின் எடிசன் என்று அழைக்கிறார்கள். அவ்வளவு பெரிய மேதை நாம் ஆக முடியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நின்றுபோன வண்டிக்குப் பக்கத்தில் நின்று, ஏன் என்று பார்த்த அந்தப் பையனாக நாம் எல்லாருமே ஆகலாம். அதற்குக் காசு வேண்டாம். ஒரு பழைய நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பார்ப்போம்! பிரிப்போம்! மறக்காமல் திரும்ப மாட்டுவோம்!



– பதினொன்றாம் வகுப்பு மாணவி