யாகியும் அவர் ஏரியலும்

விலை கொடுத்துப் புதிய ஸ்மார்ட் டி.வி. ஒன்றை வாங்கி வந்து, மாடியிலுள்ள பழைய ஏரியலின் கம்பியை அதில் செருகுகிறோம். படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஒலி விட்டு விட்டு வருகிறது. உடனே பெட்டியைக் குறை கூறுகிறோம். பெட்டி எவ்வளவு கெட்டிக்காரப் பெட்டியாயினும், ஏரியல் கொண்டு வந்து கொடுப்பதைத்தான் அது காட்ட முடியும். குறை பெரும்பாலும் மேலே, மீன்முள்ளைப் போல் நிற்கும் அலுமினியக் கம்பிகளில்தான் இருக்கும். அந்த மீன்முள்ளுக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் யாகி. அது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் அறியார்.

ஹிதெட்சுகு யாகி 1886-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் ஜப்பானின் ஒசாகா நகரில் பிறந்தார். 1909-ல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்றுத் தேறினார். 1913-ல் மேற்படிப்புக்காகக் கடல் கடந்தார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பார்க்ஹௌசனிடமும், 1914-ல் யுத்தம் மூண்ட பின் லண்டனில் பிளெமிங்கிடமும், பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டில் பியர்ஸிடமும் பயின்றார். வானொலி விஞ்ஞானம் தவழும் பருவத்தில் இருந்த காலம் அது. அதன் முன்னோடிகளிடமே பாடம் கேட்டுவிட்டுத் தாயகம் திரும்பி, சென்டாய் நகரிலுள்ள தொஹோக்கு இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலைகளிலேயே அந்நாளைய வானொலி பெரும்பாலும் நடந்து வந்தது. யாகியோ சில மீட்டர்களே நீளமுள்ள அலைகளின் மேல் கருத்தைச் செலுத்தினார். அவற்றை நாலாபுறமும் சிதறவிடாமல், விளக்கின் ஒளியைப் போல் ஒரே திசையில் அனுப்ப முடியுமா என்பதே அவர் கேள்வி. அந்தக் கேள்வியோடு ஆய்வுக்கூடத்தில் அல்லும் பகலும் பாடுபட்டவர் ஷிந்தாரோ உடா. யாகியைவிடப் பத்து வயது இளையவர். அவரிடம் உதவியாளராக இருந்தவர். கம்பிகளின் நீளத்தை மாற்றியும், இடைவெளியை மாற்றியும், மாற்றிய ஒவ்வொரு முறையும் அளந்தும், உடா சலியாது சோதித்தார்.

கிடைத்த முடிவு வியப்பானது. ஏரியலிலுள்ள கம்பிகளுள் ஒன்றில் மட்டுமே மின் இணைப்பு இருக்கும். மற்றவை எதனுடனும் சேராமல் சும்மா நிற்பவை. ஆயினும் பின்னால் சற்று நீளமாக நிற்கும் கம்பி அலையைத் திருப்பி அனுப்புகிறது; முன்னால் சற்றுக் குட்டையாக நிற்கும் கம்பிகள் அலையைத் தம் திசைக்கு வழிநடத்துகின்றன. சும்மா நிற்பவையே பெரிய வேலையைச் செய்கின்றன.

இந்தத் தத்துவத்தை அறிந்தவர்க்கு மாடியில் என்ன பார்க்க வேண்டும் என்பதும் விளங்கும். முதலாவது, திசை. குட்டைக் கம்பிகள் உள்ள முனை ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்க வேண்டும். 1980-களில் இலங்கையின் ரூபவாஹினியைக் காண, தமிழ்நாட்டுக் கடலோர வீடுகளில் ஏரியலை அந்தப் பக்கம் திருப்பி வைத்தவர்கள் செய்தது இதுவே. இரண்டாவது, நீளம். மின் இணைப்புள்ள கம்பி ஏறக்குறைய அரை அலையின் நீளம் இருக்க வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது ஒன்றரை மீட்டர். 500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 30 சென்டிமீட்டர்தான். ஜப்பானின் பெரும்பகுதியில் 2011-ல் பழைய ஒளிபரப்பு நின்று, உயர்ந்த அலைவரிசையில் டிஜிட்டல் ஒளிபரப்பு நிலைத்தபோது, பழைய பெரிய ஏரியல்கள் அதற்குப் பயன்படவில்லை. மூன்றாவது, கிடை. கோபுரம் அனுப்பும் அலைக்கு ஏற்பக் கம்பிகள் படுத்தோ நின்றோ இருக்க வேண்டும். இவற்றோடு, துருப்பிடித்த இணைப்பையும் மழைநீர் புகுந்த கேபிளையும் பார்த்துவிட வேண்டும். பழைய ஒளிபரப்பில் வலுக் குறைந்தால் படத்தில் பனி பெய்யும். டிஜிட்டலிலோ ஓர் எல்லை வரை படம் தெளிவாக இருந்து, பிறகு திடீரென்று உடைந்துவிடும். திசை தவறிய ஏரியலுக்குப் பூஸ்டர் பூட்டினால், அலையோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

யாகியின் கதைக்குத் திரும்புவோம். 1925-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. அதில் யாகியின் பெயர் மட்டுமே இருந்தது. உடா தம் சோதனைகளை ஜப்பானிய மொழியில் எழுதினார். யாகி 1928-ல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் ஆங்கிலத்தில் எழுதினார். அக்கட்டுரையில் உடாவின் பங்கை அவர் மறைக்கவில்லை. ஆனால் மேல்நாட்டார் படித்தது யாகியின் கட்டுரையை. அவர்கள் நினைவில் நின்றதும் அந்த ஒரு பெயரே.

மேல்நாடு போற்றிய பொருளை ஜப்பான் போற்றவில்லை. 1941-ல் காப்புரிமையின் காலத்தை நீட்டிக்கும்படி யாகி கேட்டபோது, அரசு மறுத்துவிட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கே பிரிட்டிஷ் ராடார் வீரர் ஒருவரின் குறிப்பேடு ஜப்பானியர் கையில் சிக்கியது. அதில் யாகி என்ற சொல் பல இடங்களில் வந்தது. அது என்ன சொல், எப்படி உச்சரிப்பது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. சிறைப்பட்ட வீரரைக் கேட்டபோது, அந்த ஏரியலைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர் அது என்று அவர் சொன்னாராம். தம் நாட்டு ஆய்வுக்கூடத்தில் பிறந்த பொருளைத் தம் எதிரியிடம் கேட்டறிய வேண்டிய நிலை! இதைவிடக் கொடியது பின்னர் நேர்ந்தது. 1945-ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் வீழ்ந்த அணுகுண்டுகள், வெடிக்கவேண்டிய உயரத்தை அறிந்துகொண்டதும் யாகி ஏரியல் பொருத்திய ராடார் கருவிகளால்தான்.

யாகி ஏரியலோடு நின்றவர் அல்லர். 1930-களில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை உருவாக்கினார். பின்னர் நோபெல் பரிசு பெற்ற யுகாவாவுக்கு இளவயதில் அங்கே இடம் அளித்தவர் அவரே. யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் அரசின் தொழில்நுட்ப வாரியத்துக்குத் தலைமை தாங்கினார். 1946-ல் ஒசாகா பல்கலைக்கழகத்தின் தலைவராகியும், யுத்தகாலப் பதவியின் காரணமாக விலக நேர்ந்தது. 1952-ல் ஏரியல் செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். மறு ஆண்டே ஜப்பானில் தொலைக்காட்சி பிறந்தது. கூரைதோறும் அவர் பெயர் ஏறியது. 1956-ல் நாட்டின் உயரிய கலாசார விருதும் அவரை வந்தடைந்தது.

உடாவின் பெயர் அவ்வளவு விரைவில் ஏறவில்லை. 1930-களின் தொடக்கத்தில் சகாட்டா துறைமுகத்துக்கும் டோபிஷிமா தீவுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர் கடலைத் தாண்டி, கம்பியின்றித் தொலைபேசி பேச வழி செய்தவர் அவர். 1950-களில் யுனெஸ்கோ அனுப்பிய வல்லுநராக நம் நாட்டுக்கு வந்து, புதுடில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றியும் இருக்கிறார். ஆசிரியரும் உதவியாளரும் 1976-ஆம் ஆண்டிலேயே மறைந்தனர்: யாகி ஜனவரியில், உடா ஆகஸ்டில். இன்று பாடநூல்கள் அந்த ஏரியலை யாகி-உடா என்றே குறிக்கின்றன.

பேராசிரியர்களின் கீழ் ஆய்வு செய்யும் நம்மில் பலருக்கு இக்கதை அந்நியமானதன்று. யாகி கேள்வியைக் கொடுத்தார். உடா அளந்து விடை கண்டார். இருவருள் ஒருவர் இல்லையேல் அந்த மீன்முள் இல்லை. அடுத்த முறை டி.வி.யில் படம் உடைந்து, ஏரியலைத் திருப்ப நண்பர் ஒருவரை மாடிக்கு அனுப்பிவிட்டுக் கீழிருந்து குரல் கொடுக்கும்போது, படம் தெளிந்ததும் மேலே நிற்பவருக்கும் ஒரு நன்றி சொல்லிவிடுவோமாக.