கோட்டா இராமசாமி

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் ஆட்டக்காரர் ஒருவரின் வரலாறு இடம்பெறுவது கண்டு அன்பர்கள் வியக்கலாம். நம் புலவர் பலருக்குப் பிறந்த ஆண்டே தெரியாது. அதைத் தேடித் துருவுவதே என் போன்றோர் தொழில். இவருக்கோ பிறந்த நாள் தெரியும். மறைந்த நாள் தெரியாது. அதுவே என்னை இவர்பால் ஈர்த்தது.

1896 ஜூன் 16ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தை புச்சி பாபு நாயுடு, வெள்ளையர் கழகத்தில் இந்தியருக்கு இடமில்லாத காலத்தில், 1888இல், நம்மவருக்கெனக் கிரிக்கெட் கழகம் கண்டவர். தாய்வழிப் பாட்டனாருக்கு மகவாகத் தரப்பட்டமையால் மைந்தருக்குக் கோட்டா என்னும் குடிப்பெயர் வாய்த்தது. பன்னிரண்டாம் அகவையில் தந்தையை இழந்தார்.

முதல் உலகப்போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஏட்டோடு டென்னிஸ் மட்டையும் அவர் கையில் இருந்தது. திடலுக்குப் போனால் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோரைத் திருமங்கலத்தில் நாளும் காண்கிறேன். அவர்களுக்கு இவரைக் காட்ட வேண்டும். 1922இல் டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியாவின் சார்பில் மருத்துவர் ஃபைஸியுடன் இணைந்து இரட்டையர் ஆட்டம் ஆடினார். தாயகம் திரும்பி மாகாண வேளாண்துறையில் அலுவலரானார்.

நாற்பது நிரம்பிய பின்னரே டெஸ்ட் ஆட்டத்தின் வாயில் திறந்தது. 1936இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பூசலால் பிளவுண்டு கிடந்தது. லாலா அமர்நாத் இடைவழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அந்நிலையில் ஜூலை 25 அன்று மான்செஸ்டரில் இராமசாமி களம் புகுந்தார். இடக்கை ஆட்டக்காரர். முதல் இன்னிங்ஸில் 40, அடுத்ததில் 60. மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் சதமடித்துத் தோல்வியைத் தடுத்த அந்த ஆட்டத்தில், அவர்கள் புகழொளியில் இவரது 60 மங்கிவிட்டது என்பது என் கருத்து. ஓவல் திடலில் 29. பின்னர் ஆட்டமிழவாது 41. இரண்டே டெஸ்டுகள், 170 ஓட்டங்கள், சராசரி 56.66. அவ்வளவுதான்.

பின்னாளில் அணித் தேர்வாளராகவும், 1952-53 மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் மேலாளராகவும் விளங்கினார். தம் விளையாட்டு நினைவுகளை ஆங்கிலத்தில் நூலாக்கினார்.

1985 அக்டோபர் 15 அன்று, எண்பத்தொன்பதாம் அகவையில், வீட்டைவிட்டுச் சென்றார். திரும்பவில்லை. தேடியும் பயனில்லை. கிரிக்கெட் ஆண்டுநூலான விஸ்டன், பின்னர் அவரை இறந்தவராகக் கருதிக் குறிப்பெழுதியது.

தலைப்பின் கீழ் ஆண்டுகளைக் குறிக்க முற்பட்டு, 1896 என்றெழுதிக் கோடிட்டேன். பிறகு அதையும் நீக்கிவிட்டேன். அச்சகத்தார் தாமாக எதையும் சேர்க்க வேண்டா.