வளைந்த விரல்களால் ஒளி தந்த டாக்டர் வெங்கடசாமி

முடக்குவாதத்தால் வளைந்து போனவை டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் விரல்கள். அந்த விரல்களால்தான் அவர் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். ஈப்போவில் கண்பார்வை பரிசோதகராக, அதாவது ஆப்டோமெட்ரிஸ்டாக, வேலை செய்யும் எனக்கு என் தொழிலின் அருமையை உணர்த்தியது அவருடைய வாழ்க்கை.

1918ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, தமிழ்நாட்டில் எட்டயபுரத்திற்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தாளும் பென்சிலும் கிடைக்காத அந்தக் காலத்தில் ஆற்று மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் படித்தார். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று முடிவு செய்தார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவரானார்.

அங்கேதான் முடக்குவாதம் அவரைத் தாக்கியது. 1948இல் இராணுவத்தை விட்டு விலகினார். நீண்ட காலம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மகப்பேறு மருத்துவம் இனி முடியாது என்றானது. அவர் முடங்கிவிடவில்லை, கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். தம் கைக்கு ஏற்ற கருவிகளைச் செய்துகொண்டு, கத்தி பிடிக்கப் புதிதாகப் பழகினார்.

1956இல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம்களை நடத்தினார். 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1976இல் ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தோரின் துணையோடு 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

கண்புரையால் பார்வை இழந்தவருக்கு ஒரு சிறிய அறுவை சிகிச்சை போதும். ஆனால், நோயாளிகளோ இலட்சக்கணக்கில். மருத்துவர்களோ மிகச் சிலர். அதனால் அவர் வேலையைப் பிரித்தார். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பார்வையை அளக்கவும் நோயாளியைத் தயார்ப்படுத்தவும் பயிற்சி கொடுத்தார். மருத்துவர் அறுவை சிகிச்சையில் மட்டும் கவனம் செலுத்தினார். வசதியுள்ளவர்கள் செலுத்திய கட்டணத்தால் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை கிடைத்தது.

என்னை மிகவும் கவர்ந்தது கண்ணாடி விஷயம். முகாமில் பார்வையைச் சோதித்து, பிறகு நகரத்திற்கு வந்து கண்ணாடி வாங்கிக்கொள்ளச் சொன்னால் பலர் வரமாட்டார்கள். பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் அவர்களுக்குப் பெரிது. எனவே, முகாமிலேயே வில்லையைப் பொருத்திக் கண்ணாடியைக் கையில் கொடுக்கும் முறை உருவானது.

கண்ணுக்குள் பொருத்தும் வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தபோது, அதைக் குறைந்த விலையில் தயாரிக்க 1992இல் ஆரோலேப் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி டாக்டர் வெங்கடசாமி மறைந்தார்.

மாணவர்களே, இந்தக் கதை நமக்கு அந்நியமானதன்று. பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டன. நம் குடும்பங்கள் பட்டணத்துப் பக்கம் வந்துவிட்டன. கண்ணாடிக் கடை இப்போது அருகில்தான் இருக்கிறது. ஆனாலும் வெண்பலகை மங்கலாகத் தெரிவதை வெளியில் சொல்லாமல், பக்கத்து மாணவரைப் பார்த்து எழுதும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். படிப்பில் அக்கறை இல்லாதவர் என்று பெயர் வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. மற்றவர்களுக்கும் இப்படித்தான் தெரியும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குத் தூரத்தில் இருப்பவை தெளிவாகத் தெரிந்தால் எப்படி இருக்கும் என்பதே தெரியாமல் இருக்கலாம்.

கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, புத்தகத்தை முகத்தருகே பிடிப்பது, தொலைக்காட்சியை நெருங்கி உட்காருவது, அடிக்கடி தலைவலி வருவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், அம்மா அப்பாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். கண்ணாடி அணிந்தால் பார்வை இன்னும் கெடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரியான அளவுள்ள கண்ணாடி பார்வையைக் கெடுக்காது.

அறிவியல் பாடத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பு நம் நாட்டிலேயே, மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் உள்ளது. டாக்டர் வெங்கடசாமி பயிற்சி கொடுத்த கிராமத்துப் பெண்கள் இல்லாமல் அத்தனை இலட்சம் பேருக்குப் பார்வை கிடைத்திருக்காது. பார்வையைச் சரியாக அளப்பதில்தான் எல்லாச் சிகிச்சையும் தொடங்குகிறது.