ஆறாயிரம் முறை சுட்டும் சிக்காத துப்பாக்கி: யார் இந்த பிரவுனிங்?

சினிமாவில் துப்பாக்கி க்ளைமாக்ஸில் மட்டும்தான் சிக்கும். நிஜத்தில் அதற்கு நேரங்காலம் கிடையாது. 1890-களில், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்கள் வர ஆரம்பித்தபோது, பல ராணுவ அதிகாரிகள் தயங்கியது இதனால்தான். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கலைன்னா, மறுபடி ட்ரிகரை இழுத்தால் அடுத்தது தயார். பிஸ்டல் நடுவில் சிக்கிட்டா? எதிரி காத்திருக்க மாட்டான்.

அந்தத் தயக்கத்தைப் போக்கியதில் பெரிய பங்கு ஜான் மோசஸ் பிரவுனிங்குக்கு உண்டு. 1855-ல் அமெரிக்காவின் யூட்டா பகுதியில், ஆக்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் துப்பாக்கி செய்பவர். பட்டறையிலேயே வளர்ந்த மகனுக்கு முதல் காப்புரிமை கிடைத்தது 1879-ல். வாழ்நாள் கணக்கு 128!

பிஸ்டலில் அப்படி என்னதான் சிக்குகிறது? சுட்டதும், எதிர்விசையில் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் ஓடும். அதிலுள்ள சின்னக் கொக்கி, காலித் தோட்டாவை விளிம்பில் பிடித்து இழுத்துவரும். அசையாமல் நிற்கும் ஒரு இரும்புத் துண்டில் மோதி அது வெளியே தெறிக்கும். ஸ்லைடு முன்னால் திரும்பும்போது, மேகசின் ஸ்பிரிங் மேலே தள்ளி வைத்திருக்கும் அடுத்த தோட்டாவை ஒரு சரிவில் ஏற்றி உள்ளே தள்ளும். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில்.

கொக்கியின் பிடி தளர்ந்தால் காலித் தோட்டா உள்ளேயே தங்கிடும், இல்லைன்னா ஸ்லைடுக்கு நடுவே மாட்டிக்கும். மேகசின் ஸ்பிரிங் சோர்ந்தால் அடுத்த தோட்டா நேரத்துக்கு மேலே வராது. மேகசினின் வாய் விளிம்பு லேசாக வளைந்தாலே போதும், தோட்டாவின் மூக்கு சரிவில் முட்டி நிற்கும். துப்பாக்கி சிக்கினால் முதலில் மேகசினை மாற்றிப் பார்ப்பது இன்றும் வழக்கம். பாதி வழக்குகளில் பழி துப்பாக்கி மேல், குற்றவாளி தகர டப்பா!

1907-ல் அமெரிக்க ராணுவம் நடத்திய போட்டியில் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டலும், சாவேஜ் நிறுவனத்தின் பிஸ்டலும் முன்னணியில் நின்றன. பிரவுனிங் சும்மா இருக்கவில்லை. குழலை இரண்டு இணைப்புகளால் பிடித்திருந்த அமைப்பை ஒன்றாகக் குறைத்தார். 1911 மார்ச்சில் இறுதிச் சோதனை. 100 தோட்டாவுக்கு ஒருமுறை ஆறவிட்டு, 6,000 முறை சுட்டார்கள். சாவேஜ் 37 முறை தடுமாறியது. பிரவுனிங்கின் பிஸ்டல் ஒருமுறைகூட இல்லை. அந்த மாதமே ராணுவம் அதை ஏற்றது. 1985 வரை அதுதான் அவர்களின் பிரதான கைத்துப்பாக்கி.

சிக்காத துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் சிக்காது என்பதுதான் இதில் சங்கடம். 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டையும் மனைவி சோஃபியையும் கொன்றது, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை தயாரித்த, பிரவுனிங் வடிவமைத்த இன்னொரு பிஸ்டல். முதல் உலகப் போர் அதிலிருந்து மூண்டது.

1926 நவம்பர் 26-ல், பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், அதே எஃப்.என். ஆலையில் வேலையாக இருந்தபோது இதயம் நின்று பிரவுனிங் இறந்தார். வயது 71. அவர் பாதியில் விட்ட பிஸ்டலை டியுடோனே சாய்வ் முடித்தார். 1935-ல் அது ‘ஹை பவர்’ என்ற பெயரில் வந்தது.